ஆஸ்பத்திரி ஊசி வீட்டுக்கு வரும்போது

“புண்ணு ஆறிக்கிட்டு வருது, வீட்டுக்குப் போகலாம். ஆனா ஊசி மட்டும் இன்னும் அஞ்சு வாரம் போடணும்.”

டிஸ்சார்ஜ் அன்று டாக்டர் இப்படிச் சொன்னதும் எங்கள் எல்லோருக்கும் நிம்மதியும் பயமும் சேர்ந்தே வந்தன. பெரியப்பாவுக்கு 68 வயது. இருபது வருடச் சர்க்கரை. காலில் வந்த புண் ஆழமாக இறங்கி, கிருமி எலும்பைப் பிடித்துவிட்டது. எந்தக் கிருமி என்று சொல்லும் கல்ச்சர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு வான்கோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் மருந்தை ஆரம்பித்திருந்தார்கள். காலையும் மாலையும் ஊசி வழியாக ஏற்ற வேண்டும், மொத்தம் 6 வாரம். அதில் ஒரு வாரம்தான் முடிந்திருந்தது.

அந்த மீதி ஐந்து வாரத்தில் நான் கற்றுக்கொண்டதை, இதே வார்த்தையைக் கேட்டுவிட்டு டிஸ்சார்ஜ் சம்மரியும் கையுமாக நிற்கும் இன்னொரு வீட்டுக்காக எழுதுகிறேன். நான் டாக்டரோ நர்ஸோ இல்லை. எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை நாள் என்பதெல்லாம் உங்கள் டாக்டர் சொல்வதுதான்.

மாத்திரையாகத் தரக்கூடாதா?

எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி இது. கேட்கவும் வேண்டும். சில மருந்துகளை விழுங்கினால் பலன் கிடைக்காது. வான்கோமைசினை வாய்வழி கொடுத்தால் குடலிலிருந்து ரத்தத்துக்கு அநேகமாக ஏறாது. குடலுக்குள்ளேயே இருக்கும் ஒரு தொற்றுக்கு மட்டும்தான் அதை அப்படிக் கொடுக்கிறார்கள். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு ஏற்றும் இம்யூனோகுளோபுலின் ஒரு புரதம். வாய்வழி போனால் வயிறு அதைச் சாப்பாட்டைப் போலச் செரித்துவிடும். குடலே வேலை செய்யாதவர்களுக்கு உணவையே ரத்தக்குழாய் வழியாகத் தர வேண்டியிருக்கிறது.

‘நரம்பு ஊசி’ என்று நாம் சொன்னாலும் அது நரம்பில் போடுவது இல்லை. உடம்பிலிருந்து இதயத்துக்கு ரத்தம் திரும்பும் குழாயான சிரையில் போடுவது. சில மருந்துகளைத் தோலுக்கு அடியிலும் மெதுவாக ஏற்றலாம். தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய் உள்ள பிள்ளைகளுக்கு அடிக்கடி ரத்தம் ஏற்றுவதால் உடம்பில் இரும்புச் சத்து சேர்ந்துவிடும். அதை வெளியேற்ற டெஸ்ஃபெராக்ஸமின் என்ற மருந்தைச் சின்ன பம்ப் மூலம் இரவில் 8 முதல் 12 மணி நேரம் வரை ஏற்றுவார்கள். பிள்ளை தூங்கிக்கொண்டிருக்கும், பம்ப் தலையணைப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கும். பல வருடங்களாக இதை வீட்டில் செய்துவரும் அம்மாக்கள் இருக்கிறார்கள்.

இப்படி ஏற்ற வேண்டிய மருந்தை, ஆஸ்பத்திரிக்கு வெளியே, நோயாளியின் வீட்டிலேயே, ஒரு குழுவின் பொறுப்பில் ஏற்றுவதுதான் வீட்டு இன்ஃப்யூஷன் சேவை. டாக்டர், மருந்தாளுநர், நர்ஸ் மூவரும் அந்தக் குழுவில் இருக்க வேண்டும். வீட்டில் உள்ளவர்களும் அதில் சேர்த்திதான். இதில் ‘பொறுப்பு’ என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அதற்குத் திரும்ப வருகிறேன்.

எங்கே தொடங்கியது

1960-ல் அமெரிக்காவின் சியாட்டிலில் பெல்டிங் ஸ்க்ரிப்னர் என்ற டாக்டர், ஒரே நோயாளிக்குத் திரும்பத் திரும்ப டயாலிசிஸ் செய்ய வழிவகுத்த ஒரு குழாய் இணைப்பைக் கண்டுபிடித்தார். அதே டாக்டரும் அவருடைய குழுவும் அப்புறம் குடல் செயலிழந்தவர்களைப் பற்றி யோசித்தார்கள். ராத்திரி முழுக்க உணவுக் கரைசலை வீட்டிலேயே ஏற்றிக்கொண்டு, பகலில் குழாயை மூடிவிட்டு வேலைக்குப் போகலாமே என்பது அவர்கள் எண்ணம். அதற்கு மாதக்கணக்கில் உடம்பில் இருக்கக்கூடிய குழாய் தேவைப்பட்டது. 1973-ல் ப்ரோவியாக் கதீட்டர் வந்தது, 1979-ல் ஹிக்மன் கதீட்டர். இரண்டும் சியாட்டிலில் பிறந்தவை. இன்றும் உலகம் முழுக்கப் புற்றுநோய் வார்டுகளில் ஹிக்மன் லைன் என்ற பெயரைக் கேட்கலாம்.

ஆன்டிபயாட்டிக்கின் கதை தனி. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோயுள்ள குழந்தைகளுக்கு நுரையீரலில் அடிக்கடி தொற்று வரும். அவர்களை ஒவ்வொரு முறையும் வாரக்கணக்கில் ஆஸ்பத்திரியில் படுக்கவைக்காமல், மருந்தை வெளியிலேயே ஏற்றலாம் என்று 1974-ல் அமெரிக்க மருத்துவர்கள் எழுதினார்கள். 1983-ல் அங்கே முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர், ஆஸ்பத்திரிகளுக்குப் பணம் கொடுக்கும் முறையை மாற்றியது. எத்தனை நாள் படுத்திருந்தாலும் இன்ன நோய்க்கு இவ்வளவுதான் என்று ஆனதும், நோயாளியைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்ப ஆஸ்பத்திரிகளுக்கு ஒரு காரணம் கிடைத்தது. வீட்டு இன்ஃப்யூஷன் பெரிதாக வளர அது ஒரு முக்கியக் காரணம். பிரிட்டனில் அரசு ஆஸ்பத்திரிகளே இதற்குத் தனிக் குழு வைத்திருக்கின்றன. அந்தக் குழு எப்படி இயங்க வேண்டும் என்று 2012-ல் எழுதிய வழிகாட்டுதலை 2019-ல் புதுப்பித்தார்கள்.

கையில் இருக்கும் அந்தக் குழாய்

நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்தது வென்ஃப்ளான். புறங்கையில் குத்தி பிளாஸ்டர் ஒட்டியிருப்பார்களே, அதுதான். சில நாள் மருந்துக்கு அது போதும். ஆறு வாரத்துக்குத் தாங்காது. வீங்கும், அடைக்கும், வேறு இடம் தேடிக் குத்த வேண்டும். வான்கோமைசின் மாதிரியான மருந்து சின்னச் சிரைகளை எரிச்சல்படுத்தி புண்ணாக்கும். ஆஸ்பத்திரியில் இருந்த முதல் வாரத்திலேயே பெரியப்பாவின் இரண்டு கையும் நீலம் பாரித்துவிட்டன.

அதனால் பிக் லைன் போட்டார்கள். மெல்லிய, வளையக்கூடிய நீளமான குழாய். மேல் கையில் ஒரு சிரையில் நுழைத்து, அக்குள் வழியாக, இதயத்துக்குச் சற்று மேலே உள்ள பெரிய சிரை வரை கொண்டுபோய் நிறுத்துவார்கள். அங்கே ரத்தம் வேகமாகப் பாய்வதால் மருந்து உடனே கலந்து நீர்த்துவிடும், எரியாது. நுனி சரியான இடத்தில் இருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். பெரியப்பாவின் டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘பிக் நீளம் 41 செ.மீ., வெளியே 2 செ.மீ.’ என்று எழுதியிருந்தது. நாங்கள் ஏற்பாடு செய்த வீட்டு இன்ஃப்யூஷன் சேவையிலிருந்து வந்த சிஸ்டர் முதல் நாளே ஒரு நோட்டு வாங்கச் சொல்லி, முதல் வரியாக அந்த இரண்டு எண்களைத்தான் எழுதினார். வெளியே தெரியும் நீளம் கூடினால், உள்ளே இருக்கும் நுனி நகர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

சிறுநீரகம் ஏற்கனவே மோசமாக இருப்பவர்களுக்கு பிக் லைனைத் தவிர்க்கப் பார்ப்பார்கள். பின்னால் டயாலிசிஸுக்குக் கையில் ஃபிஸ்டுலா போட, அதாவது சிரையைத் தமனியோடு இணைக்க, அந்தச் சிரைகள் தேவைப்படும். உங்கள் வீட்டில் சிறுநீரக நோயாளி இருந்தால் இதை நீங்களே டாக்டரிடம் நினைவுபடுத்துங்கள்.

ஒரு காலை வேளை

சிஸ்டர் ஏழு மணிக்கு வருவார். சோப்புப் போட்டுக் கை கழுவி, கையுறை மாட்டி, பெரியப்பாவின் கையைச் சுத்தமான துணி மேல் வைத்துக்கொள்வார். குழாயின் மூடியை ஸ்பிரிட் பஞ்சால் அழுத்தித் தேய்த்துக்கொண்டே பதினைந்து எண்ணுவார். அப்புறம் அது காயும் வரை காத்திருப்பார். அவசரப்படுத்தினால் எங்களைத் திரும்பிப் பார்ப்பார். கிருமி உள்ளே போக இருக்கும் முக்கிய வாசல் அந்த மூடி. அங்கிருந்து இதயத்துக்கு நேர் வழி.

அடுத்து சலைன் ஃப்ளஷ், அதாவது உப்பு நீரைத் தள்ளிக் குழாயைக் கழுவுவது. 10 மில்லி சிரிஞ்சில்தான் செய்ய வேண்டும். சிரிஞ்ச் சின்னதாக இருந்தால் அழுத்தம் கூடி குழாயே வெடிக்கலாம். ஒரே தள்ளாகத் தள்ளாமல், கொஞ்சம் தள்ளி நிறுத்தி, மறுபடி கொஞ்சம் தள்ளுவார். அப்படித் தள்ளினால் நீர் உள்ளே சுழன்று ஓடி, குழாயின் சுவரில் ஒட்டியிருப்பதைக் கழுவிக்கொண்டு போகும். தள்ளும்போது கை உணரும் தடை, குழாய் அடைக்கத் தொடங்குகிறதா என்பதை முன்னாலேயே சொல்லிவிடும். தடை இருந்தால் பலம் போட்டுத் தள்ளக்கூடாது, போன் செய்ய வேண்டும்.

அதன்பின் மருந்து. வான்கோமைசின் நிமிடத்துக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் ஏறக்கூடாது. ஒரு கிராம் என்றால் 100 நிமிடம். ஒரு நாள் புதிதாக வந்த வேறொரு சிஸ்டர் சற்று வேகமாகத் திறந்துவிட்டுப் போக, அரை மணி நேரத்தில் பெரியப்பாவின் கழுத்தும் முகமும் சிவந்து, அரிக்கிறது என்று சொறிய ஆரம்பித்தார். பெரியம்மா பதறிப்போனார். சேவையின் எண்ணுக்குப் போன் செய்ததும் மருந்தை நிறுத்தச் சொன்னார்கள், வரிசையாகக் கேள்வி கேட்டார்கள். மூச்சு வாங்குகிறதா? உதடு, நாக்கு வீங்குகிறதா? தலை சுற்றுகிறதா? எதுவும் இல்லை. வேகமாக ஏறியதால் வரும் சிவப்பு அது, டாக்டரைக் கேட்டு மெதுவாக மறுபடி ஆரம்பிக்கலாம் என்றார்கள். கேட்ட கேள்வியில் ஒன்றுக்காவது ஆமாம் என்று சொல்லியிருந்தால் அது உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமையாக இருக்கலாம். அப்போது 108-ஐத்தான் கூப்பிட வேண்டும். இதனால்தான் எந்த மருந்தானாலும் முதல் டோஸை ஆஸ்பத்திரியில், கண்ணெதிரே போட்டுப் பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்புவது நல்லது என்கிறார்கள்.

மருந்து முடிந்ததும் மறுபடி ஃப்ளஷ், மூடி, நோட்டில் நேரம், கையெழுத்து. வாரம் ஒரு முறை டிரெஸ்ஸிங் மாற்றுவார். மாலை டோஸை, ஒரு வாரம் கூடவே இருந்து சொல்லிக்கொடுத்த பிறகு, அண்ணி செய்ய ஆரம்பித்தார். முதல் நாள் அவர் கை நடுங்கியது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. பத்தாவது நாள் ‘தேய்ச்சு பதினஞ்சு எண்ணியாச்சா?’ என்று எங்களை அவர் கேட்டார்.

யாரும் பார்க்காத ரிப்போர்ட்

மேலே சொன்னதைப் படித்தால் மருந்து ஏற்றுவதுதான் இந்தச் சேவை என்று தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்தேன். மூன்றாவது வாரம்தான் புத்தி வந்தது.

வான்கோமைசின் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். அதனால் வாரா வாரம் ரத்தத்தில் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின், ரத்த அணுக்களின் எண்ணிக்கை, அடுத்த டோஸுக்குச் சற்று முன்பு மருந்தின் அளவு என மூன்றையும் பார்க்க வேண்டும். லேபிலிருந்து ஆள் வந்து ரத்தம் எடுத்துப் போனார். ரிப்போர்ட் என் வாட்ஸப்புக்கு வந்தது. சேவைக்காரர்களே டாக்டருக்கு அனுப்புவார்கள் என்று நான் இருந்தேன். குடும்பத்தார் காட்டுவார்கள் என்று அவர்கள் இருந்தார்கள். யாராவது கூப்பிட்டுச் சொல்வார்கள் என்று டாக்டர் இருந்தார். மூன்றாவது வார ரிப்போர்ட்டைத் தற்செயலாகத் திறந்து பார்த்த தங்கை, கிரியேட்டினின் 1.1-லிருந்து 1.7 ஆகியிருப்பதைக் கவனித்தாள். உடனே டாக்டரிடம் ஓடினோம். அவர் ஒரு டோஸை நிறுத்தி, மருந்தின் அளவைக் குறைத்தார். இரண்டு வாரத்தில் இறங்கிவிட்டது. இன்னும் ஒரு வாரம் பார்க்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

யார் மேலும் கோபப்பட்டு இதை எழுதவில்லை. மருந்து வந்தது, நர்ஸ் வந்தார், ரத்தம் எடுத்தார்கள். ஒவ்வொருவரும் தன் வேலையைச் செய்தார்கள். ரிப்போர்ட்டைப் பார்ப்பது யார் பொறுப்பு என்று மட்டும் எங்கும் எழுதியிருக்கவில்லை. ஆஸ்பத்திரி வார்டில் இந்தக் கேள்வியே எழாது. காலை ரவுண்ட்ஸில் டாக்டர் கேஸ் ஷீட்டைத் திறந்தால் ரிப்போர்ட் அதிலேயே இருக்கும். வீட்டுக்கு வரும்போது மருந்து மட்டும் வந்து, அந்த ரவுண்ட்ஸ் ஆஸ்பத்திரியிலேயே நின்றுவிட்டால் அது அரைச் சேவை. நல்ல வீட்டு இன்ஃப்யூஷன் சேவை அந்த ரவுண்ட்ஸையும் வீட்டுக்குக் கொண்டுவரும். அமெரிக்காவில் 2021 ஜனவரி முதல் மெடிகேர், பம்ப் வழியாக ஏற்றும் சில மருந்துகளுக்கு, நர்ஸின் வருகை, குடும்பத்துக்குப் பயிற்சி, கண்காணிப்பு ஆகியவற்றுக்கென்றே தனிக் கட்டணம் தருகிறது. கவனிப்பதும் ஒரு வேலை என்று காசு கொடுத்து ஒப்புக்கொள்வது எனக்கு மிகவும் சரியாகப் படுகிறது.

டாக்டருக்கு இதனால் என்ன லாபம் என்றால், ஒரு கட்டில் காலியாவது மட்டும் இல்லை. நோயாளி டிஸ்சார்ஜ் ஆனபின் வரும் கல்ச்சர் முடிவை ஒருவர் துரத்திப் பிடிப்பார். சிறுநீரகம் மாறினால் டோஸ் மாற வேண்டும் என்பதை மருந்தாளுநர் கணக்குப் போட்டுச் சொல்வார். பெரியப்பா சாப்பிடும் பிற மாத்திரைகளோடு புது மருந்து மோதுமா என்று பார்ப்பார். புண்ணின் படம், காய்ச்சல், டிரெஸ்ஸிங்கின் நிலை எல்லாம் தினமும் ஒரே இடத்தில் பதிவாகும். மருந்தை நிறுத்தும் தேதியும் குழாயை எடுக்கும் தேதியும் முதல் நாளே குறிக்கப்பட்டிருக்கும். இது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் தேவை முடிந்த பிறகும் உடம்பில் கிடக்கும் குழாய், தொற்றுக்குத் திறந்து வைத்த கதவு.

நம் ஊர் வெயில்

வெளிநாட்டில் சுத்த அறையில் மருந்தாளுநர் கலந்து, குளிர்பெட்டியில் வைத்து, வாரத்துக்கான பைகளை வீட்டுக்கு அனுப்புவார். நம் ஊரில் பெரும்பாலும் பவுடர் குப்பியை வாங்கி வந்து, நர்ஸ் கட்டில் பக்கத்திலேயே கலந்து ஏற்றுகிறார். கலந்ததும் ஏற்றிவிட்டால் சரி. கலந்து வைத்து மாலைக்கு ஏற்றலாமா என்று யாராவது கேட்டால், டாக்டரிடமோ மருந்தாளுநரிடமோ கேட்காமல் சரி என்று சொல்லாதீர்கள். மெரோபெனம் மாதிரி சில மருந்துகள் கலந்த பிறகு வெக்கையில் சில மணி நேரத்திலேயே வீரியம் இழக்கும். எதில் கலக்கிறோம் என்பதும் முக்கியம்: எர்டாபெனமை குளுக்கோஸில் கலக்கக்கூடாது, செஃப்ட்ரையாக்சோனை கால்சியம் உள்ள ரிங்கர் லாக்டேட்டோடு சேர்க்கக்கூடாது.

எலாஸ்டோமெரிக் பம்ப் என்று ஒன்று உண்டு. குழந்தைகளின் பால் பாட்டில் அளவு, உள்ளே ஒரு பலூன். மருந்தை நிரப்பினால் பலூன் சுருங்கச் சுருங்க மருந்து தானே ஏறும். கரண்டும் வேண்டாம், ஸ்டாண்டும் வேண்டாம், இடுப்புப் பையில் போட்டுக்கொண்டு நடக்கலாம். அதன் வேகத்தைத் தீர்மானிக்கும் குட்டிக் குழலைத் தோலோடு ஒட்டி வைக்கச் சொல்வார்கள். அது உடம்பின் சூட்டுக்கு ஏற்ப அளந்து செய்தது. மே மாத வெயிலில் பம்ப் சூடானால் மருந்து இளகி வேகமாக ஓடும், ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த உடனே மாட்டினால் மெதுவாக ஓடும்.

பயன்படுத்திய ஊசிகளைக் குப்பைக் கவரில் போடாதீர்கள். தடித்த, மூடியுள்ள டப்பாவில் சேர்த்துச் சேவைக்காரர்களிடமே திருப்பிக் கொடுங்கள். காலையில் வீதியில் குப்பை பிரிக்கும் தூய்மைப் பணியாளரின் கையை நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்சூரன்ஸ் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. நம் பாலிசிகளில் ‘டொமிசிலியரி’ என்று வீட்டுச் சிகிச்சைக்கு ஒரு பிரிவு இருக்கும். அது பொதுவாக, நோயாளியை ஆஸ்பத்திரிக்கு நகர்த்த முடியாத நிலையிலோ, ஆஸ்பத்திரியில் இடம் இல்லாதபோதோதான் செல்லும். டாக்டர் நல்லபடியாக டிஸ்சார்ஜ் செய்து வீட்டில் ஊசி போடுவது அதில் அடங்குமா என்பதை டிஸ்சார்ஜுக்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

எல்லோருக்கும் சரிவருமா?

வராது. ரத்த அழுத்தம் நிலையில்லாதவர், வீட்டில் துணைக்கு ஆள் இல்லாதவர், அவசரத்துக்கு ஆஸ்பத்திரி போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் ஊரில் இருப்பவர் ஆகியோருக்கு வார்டுதான் பாதுகாப்பு என்பது என் கருத்து. இன்னொரு பக்கம், ஊசியே தேவையில்லாதவர்களும் இருக்கிறார்கள். பிரிட்டனில் எலும்பு, மூட்டுத் தொற்று உள்ள 1054 பேரிடம் நடந்து 2019-ல் வெளியான ஓவிவா ஆய்வில், முதல் ஆறு வாரம் மாத்திரை எடுத்தவர்களில் ஓர் ஆண்டுக்குள் சிகிச்சை தோற்றது 13.2 சதவீதம் பேருக்கு. ஊசி எடுத்தவர்களில் 14.6 சதவீதம். அதாவது சரியான மாத்திரை கிடைத்தால் அது ஊசிக்குக் குறைந்தது இல்லை. பெரியப்பாவுக்கும் லைனசோலிட் மாத்திரையை டாக்டர் யோசித்தார். வாரக்கணக்கில் எடுத்தால் அது ரத்தத் தட்டணுக்களைக் குறைக்கும். அவருக்கு ஏற்கனவே குறைவு, அதனால்தான் ஊசி. நீங்களும் தயங்காமல் கேளுங்கள். கேள்வியைக் கேட்டுக் கோபப்படாமல் காரணம் சொல்லும் டாக்டர் கிடைத்தால் பாதி பாரம் இறங்கிவிடும்.

குழாய் கையில் இருக்கும் வரை சில அறிகுறிகளை வீட்டில் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஃப்ளஷ் செய்ததும் உடம்பு தூக்கிப்போட்டு குளிர் காய்ச்சல் வந்தால், குழாயில் கிருமி சேர்ந்திருக்கலாம். அந்தக் கை முழுதும் வீங்கினால் உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். குழாய் நுழையும் இடத்தில் சிவப்போ சீழோ கசிவோ தெரிந்தால், விடாத வயிற்றுப்போக்கு வந்தால், சிறுநீர் குறைந்தால் அன்றே சொல்ல வேண்டும். அமிகாசின், ஜென்டமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்குகளை ஏற்றுபவர்களுக்குக் காதில் இரைச்சல் கேட்டால், அது காது கேட்கும் திறனைப் பறிக்கும் முன் வரும் எச்சரிக்கை. அந்தக் கையில் பி.பி. பார்க்கவோ ரத்தம் எடுக்கவோ யாரையும் விடாதீர்கள்.

ரிப்போர்ட் விஷயம் நடந்த அன்றே நோட்டின் பின் அட்டையில் நான்கு வரி எழுதினோம். ரத்தப் பரிசோதனை திங்கள்கிழமை. ரிப்போர்ட்டை டாக்டருக்கு அனுப்புவது தங்கை. பார்த்துவிட்டேன் என்று பதில் வராவிட்டால் செவ்வாய் மதியம் போன் செய்வது நான். ராத்திரியில் கூப்பிட வேண்டிய எண், கீழே பெரிதாக.

42-வது நாள் மாலை கடைசி டோஸ் ஏறியது. மறுநாள் காலை சிஸ்டர் வந்து, பெரியப்பாவைப் படுக்கவைத்து, குழாயை அங்குலம் அங்குலமாக மெதுவாக வெளியே எடுத்தார். அந்த இடத்தைப் பஞ்சால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். அப்புறம் துணி மேல் குழாயை நேராக நீட்டி, பக்கத்தில் அளவு நாடாவை வைத்தார். நோட்டின் முதல் பக்கத்தைப் புரட்டச் சொன்னார். அண்ணி வாசித்தார். 41 செ.மீ., நாடாவிலும் அதே.